வச்சிட்டுப் போங்க

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் வீதிக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், ராமநாதன் முதலாளியின் புடவைக்கடையை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. முன்பு கிழிந்த அட்டைப்பெட்டிகளும் எலிகளும் குடியிருந்த இடம் அது. இப்போது வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: 'வச்சிட்டுப் போங்க'. என்னத்தை வைப்பது, எங்கே போவது என்று பலகை சொல்லாது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அவள் சொல்லுவாள். கொஞ்சம் சில்லறை கொடுத்துப் பையை வைத்துவிட்டு, பாத்ரூம் போய்விட்டு, சூடாகப் பால் விடாத ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம்.

கடைக்காரி பெயர் ரஜிதா. கிரேக்டன் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், இருபத்தேழு வயது, வியாபார முகாமைத்துவப் பட்டதாரி. பல்கலைக்கழகத்தில் 'தொழில் முயற்சியாண்மை' என்று ஒரு பாடம் எடுத்து, அதில் வகுப்பிலேயே அதிகப் புள்ளி வாங்கியவள். பை காக்க ஒரு பட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், வாய்க்கு வரி போடுகிறவர் யாரும் இல்லை.

கேட்பவர்களில் முதல் ஆள், கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா ஜெயலெட்சுமிதான். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்கவே மாட்டாள். பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது யாராவது, "ஒம்மக என்னா செய்யிது?" என்று விசாரித்தால், "படிச்சி முடிச்சிட்டு இருக்கு, லெட்டர் வரணும்" என்பாள். லெட்டர் என்றால் அரசாங்க நியமனக் கடிதம். பட்டம் வாங்கிய பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, மாதம் முடிந்தால் சம்பளம், கிழடானால் பென்சன். ஜெயலெட்சுமியின் அகராதியில் வேலை என்பதற்கு அதுதான் பொருள். மகள் விடியற்காலையில் எழுந்து முதல் பஸ் பிடித்துப் போய், இருட்டின பிறகு வீடு திரும்புவதெல்லாம் லெட்டர் வரும்வரை பொழுது போக்குவது.

அம்மாவைக் குறை சொல்ல ரஜிதாவுக்கு மனம் வராது. அவளுடைய முதல் தொழில் காளான் வளர்ப்பு. பல்கலைக்கழகத்தில் திட்டம் எழுதிப் பரிசும் வாங்கியது. காளான் நன்றாகத்தான் வந்தது. ஆனால் லயத்தில் முருங்கைக்காய் காய்த்தாலும் பூசணி காய்த்தாலும் முதலில் இடது பக்கத்து வீட்டுக்கு, அப்புறம் வலது பக்கத்து வீட்டுக்கு என்று கொடுத்துப் பழகியவள் ஜெயலெட்சுமி. "வீட்ல மொளச்சத விக்கிறதா? ஊர் சிரிக்காது?" என்று கேட்டு, மகள் சந்தைக்குப் புறப்படும் முன்பே லயம் முழுக்கப் பங்கு வைத்து முடித்துவிட்டாள். கிரேக்டன் தோட்டம் மூன்று மாதம் காளான் குழம்பு சாப்பிட்டது. ரஜிதாவின் தொழில் அத்தோடு படுத்துவிட்டது. ஒரு வாரம் அழுதாள், பிறகு அவளும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டாள், நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது தொழிலுக்கு யோசனை தந்ததும் அம்மாதான். அது அம்மாவுக்குத் தெரியாது. சம்பளம் போட்ட ஒரு சனிக்கிழமை இருவரும் டவுனுக்கு வந்திருந்தார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தன. "அம்மா, ஒரு டீ குடிப்போமா?" என்று ரஜிதா கேட்டாள். "வேணாம் புள்ள, குடிச்சா அப்புறம் எங்க போறது?" என்றாள் ஜெயலெட்சுமி. தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு வரும் நாளில் காலையிலிருந்து தண்ணீர்கூட குடிப்பதில்லை என்பது ரஜிதாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் தெரிந்த ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தாள். அரிசிப் பை ஒரு கையில், குடை ஒரு கையில், கக்கத்தில் பிள்ளை, வயிற்றை அடக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் பெண்கள். 'பொருளைத் தேடாதே, முதலில் ஆளுடைய கஷ்டத்தைத் தேடு' என்று வகுப்பில் எழுதி வைத்தது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

ராமநாதன் முதலாளியிடம் அறையைக் கேட்கப் போனபோது அவர் கணக்கு வேறாக இருந்தது. "பைய காலுக்கு நடுவுல வச்சிக்கிட்டு எந்தப் பொம்பள நிதானமா சீல எடுப்பா? நீ அந்தப் பைய வாங்கி வச்சிக்க தாயி, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, எலிகளோடும் பின்பக்கத்துப் பாத்ரூமோடும் சேர்த்து அறையைக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் ரஜிதா படித்தபடி செய்தாள். பைக்கு ஒரு இலக்க அட்டை, ஆளுக்கு ஒரு இலக்க அட்டை. நம் ஆட்களிடமா அது நடக்கும்? சின்னம்மா வைத்த பையை மருமகள் எடுக்க வருவாள். அட்டை மச்சான் சட்டைப்பையில் போயிருக்கும், மச்சான் கொத்மலைக்குப் போயிருப்பார். "நான் யாருன்னு தெரியாதா ஒனக்கு?" என்று ஆளுக்கு ஆள் சண்டை. மலையில் ஒரு பழக்கம் உண்டு, 'குடுத்து விடுறது'. மருந்தோ மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோ முட்டைக்கோழியோ, அந்தப் பக்கம் போகிற ஆள் கையில் கொடுத்துவிட்டால் போதும், அது வீடு போய்ச் சேரும். கொண்டு போகிறவர் யார் என்றுகூடக் கேட்பதில்லை, எந்தத் தோட்டம் என்றுதான் கேட்பார்கள். இந்தப் பழக்கத்தோடு அட்டையால் மல்லுக்கட்ட முடியாது என்று கண்ட ரஜிதா, அட்டைகளை அடுப்பில் போட்டுவிட்டு, தோட்டத்துக்கு ஒரு தட்டாகச் சுவரில் பலகை இறாக்கை அடித்தாள். "எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க?" என்ற ஒரே கேள்விதான். பையை அந்தத் தட்டில் வைப்பாள். அந்தந்தத் தோட்டத்து பஸ் கொண்டக்டர் வந்து தன் தட்டை வழித்து எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் அடுக்கிவிடுவார். பெண்கள் வெறுங்கையோடு வந்து ஏறிக்கொள்வார்கள். முந்தின பஸ்ஸில் பையும் பிந்தின பஸ்ஸில் ஆளும் போவது உண்டு. ஒரு பை தவறியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

பேசியவர் விஜிதரன், புதிதாக வந்த விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். தொழில் முயற்சியாண்மைப் பாடத்தைப் படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள், படிப்பு அவர்களுக்கு உதவியதா என்று ஒவ்வொருவராக நேரில் தேடிப் போய்ப் பார்க்கிறாராம். அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்கு வருவதாகச் சொன்னார். ரஜிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. அறையைக் கழுவினாள், பலகையைத் துடைத்தாள், முதலாளியின் கடையிலிருந்து ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டினாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார் விஜிதரன். நெட்டையான மனிதர், தோளில் கறுப்புப் பை, மழையில் முழுதாக நனைந்திருந்தார். பிளேன்டியை ஊதிக் குடித்துக்கொண்டு பெண்கள் வருவதையும் பை வைப்பதையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"காளான் வளர்ப்பு எண்டு இதில கிடக்கு. அது என்ன மாதிரி?"

"அது செத்துப்போச்சு சேர். நாங்க எல்லாரும் சேந்து சாப்பிட்டுட்டோம்."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ரஜிதாவின் பயம் பாதி போய்விட்டது. கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அவரும் அக்கறையாகக் கேட்டார்.

"பாடத்தில எல்லாரும் பாஸ்," என்றார் அவர். "பாஸ் பண்ணின பிள்ளைகள் பிறகு என்ன ஆனவை எண்டு ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லை. அதுதான் நான் வெளிக்கிட்டன். ஒவ்வொருத்தருக்கும் மூண்டு பேரைக் கேக்கிறன். முதல் உங்களை. பிறகு உங்களோட கொடுக்கல் வாங்கல் வச்சிருக்கிற ஒரு வியாபாரியை. கடைசியா வீட்டில ஒரு ஆளை. வீட்டு ஆளிட்ட ஒரேயொரு கேள்விதான். உங்கட பிள்ளை என்ன செய்யிறா?"

"எதுக்கு சேர் வீட்ல கேக்குறீங்க?" என்றாள் ரஜிதா.

"இதுவரைக்கும் பாத்ததில எனக்கு ஒண்டு விளங்கியிருக்கு. காசு முட்டுப்பட்டு விட்ட ஆக்களை விட, வீட்டில அதைத் தொழிலா மதிக்காததால விட்ட ஆக்கள்தான் கூட. வீடு தொழில் எண்டு சொன்னா, அது நிண்டுபிடிக்கும்."

"எங்கம்மாவுக்கு இதெல்லாம் வெளங்காது சேர். தோட்டத்துக்குப் பாத வேற சரியில்ல. எனக்கு ஒரு தம்பி இருக்கான், அவன்கிட்ட ஃபோன்ல கேட்டுக்கலாமே."

"இல்லையில்லை, அம்மாவையே பாப்பம். கிரேக்டன்தானே? முதல் உங்கட முதலாளியைப் பாத்திட்டு வாறன்." ஒரு தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "பையை இங்க வைக்கலாமோ?"

"வச்சிட்டுப் போங்க சேர்," என்றாள் ரஜிதா.

அவர் போன பிறகு அவள் கை தன் பாட்டுக்குப் பைகளைத் தட்டுகளில் அடுக்கியது. அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு வருடமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் சொல்வாள். 'லெட்டர் வரணும்.' அதை அவர் எழுதிக்கொள்வார். அவர் தாளில் தன் தொழிலுக்கு மதிப்புக் குறைந்தால் குறையட்டும், அது பெரிதில்லை. படித்த மனிதர் ஒருவர் முன்னால் பெற்ற தாயே தன் உழைப்பை ஒன்றுமில்லை என்று சொல்ல, பக்கத்தில் நின்று கேட்க வேண்டுமே, அதுதான் பெரிது. அம்மாவின் வாயிலிருந்து 'தொழில்' என்ற ஒரு சொல்லைக் கேட்க அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ராமநாதன் முதலாளியிடம் வாய் கொடுத்தால் லேசில் மீள முடியாது. விஜிதரன் திரும்பி வரும்போது மதியம் தாண்டிவிட்டது, கையில் ஒரு புடவைப் பொட்டலம் வேறு இருந்தது. மனைவியை நினைத்து, "மனிசிக்கு" என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டு, "அப்ப வெளிக்கிடுவமோ? என்ர பை?" என்றார்.

ரஜிதா மேசைக்கடியில் பார்த்தாள். கதிரைக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு இறாக்கையைப் பார்த்தாள். கிரேக்டன் தட்டு வெறுமையாகக் கிடந்தது.

தன் கையாலேயே வைத்திருக்கிறாள். அம்மாவை நினைத்துக் கலங்கிக்கொண்டு, கிரேக்டன் போகிற ஆள் என்று பழக்கதோஷத்தில் அவருடைய பையைத் தூக்கிக் கிரேக்டன் தட்டில் வைத்திருக்கிறாள். பஸ் கொண்டக்டர் மூக்கன் வந்து வழக்கம்போலத் தட்டை வழித்துக்கொண்டு போய்விட்டார்.

"சேர், ஒங்க பை எங்க தோட்டத்துக்குப் போயிருச்சு."

"நான் இங்க நிக்கிறன். பை என்னெண்டு போகும்?"

"குடுத்து விட்டாச்சு சேர்."

"ஆரிட்ட?"

இந்தக் கேள்விக்கு ஒரு வெளியூர் மனிதருக்குப் புரியும்படி பதில் சொல்ல மலையகத்தில் எவராலும் முடியாது. விஜிதரனின் முகம் வெளுத்துவிட்டது. அவர் இதுவரை சந்தித்த அத்தனை பேரின் பதில்களும் அந்தப் பையில்தான் இருந்தன, மடிக்கணினி உட்பட. மூக்கனின் போனுக்கு அடித்தால் டவர் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் ஒரு குரல் கொடுத்துவிட்டு, ரஜிதா அவரை ஒரு த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தேயிலை மலைகள் மழையில் குளித்துப் பளபளவென்று நின்றன, வளைந்து திரும்பும் ஒரு முடக்கில் அருவி ஒன்று பாதையிலேயே வந்து விழுந்தது, அவர் எதையும் பார்க்கவில்லை. ரஜிதாவும் எல்லா அம்மன்களையும் கூப்பிட்டுவிட்டாள். பை கிடைக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல், கிடைத்த பிறகு அவர் அம்மாவைப் பார்க்காமலே திரும்பிவிட வேண்டும் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே தேங்காயில் முடிக்கலாமா என்று யோசித்தாள்.

தோட்டத்துக் கோயில் முடக்கில் மூக்கனின் பஸ் நின்றது. மூக்கன் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கறுப்புப் பை ஒண்ணு?"

"அதா? யாருதுன்னு யாருக்கும் தெரியல. ஓங்கடையில இருந்து வந்த பைதானே, அதான் ஓங்க அம்மாகிட்டயே குடுத்துட்டேன். மடுவத்துல நிக்கிது பாரு."

ரஜிதாவுக்கு உயிர் வந்தது, வந்த வேகத்திலேயே பாதி போனது. விஜிதரன் அவள் வாய் திறப்பதற்குள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பார்த்து நீளக் காலை எட்டிப் போட்டார். பின்னாலேயே ஓடிய ரஜிதாவின் செருப்பு வார் சேற்றில் அறுந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மடுவத்தை எட்டும்போது அங்கே சிறு கூட்டமே கூடியிருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

நடுவில் ஜெயலெட்சுமி. நனைந்த கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக, பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எதிரே தோட்டத்துக் கண்டாக்கு யோகேஸ்வரன், வெளிக்கள மேற்பார்வை பார்ப்பவர், நல்ல மனிதர்தான்.

"தொறந்து பாத்தா யாருதுன்னு தெரிஞ்சிரப் போவுது, ஜெயலெட்சுமி. என்னா ஏதுன்னு தெரியாத பைய இப்படி வச்சிருக்கக் கூடாது."

"தொறக்க விடமாட்டேங்க. எம்மக கடையில அடுத்தவங்க பையத் தொறக்கிற பழக்கமே கெடையாது."

அப்போதுதான் விஜிதரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க முன்னே போனார். "அம்மா, அது என்ர பை."

ஜெயலெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க எந்தத் தோட்டம்?"

"நான்... தோட்டமில்லை. யாழ்ப்பாணம்."

கூட்டம் சிரித்தது. யாழ்ப்பாணத்துத் தட்டு எதுவும் ரஜிதாவின் இறாக்கையில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"எம்மக வந்து இவருதான்னு சொன்னாக் குடுப்பேன். இல்லாட்டி கவர்மெண்டே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

விஜிதரனின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. இவள்தான் ரஜிதாவின் அம்மா என்று புரிந்துகொண்டுவிட்டார். ரஜிதாவுக்கும் அவர் அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் தடுக்க நினைத்தாள், கூட்டம் வழிவிடவில்லை.

"அம்மா," என்றார் அவர், "உங்கட மகள் என்ன செய்யிறா?"

"என்னா செய்யிதா?" ஜெயலெட்சுமிக்குக் கோபமே வந்துவிட்டது. "டவுன்ல தொழில் நடத்துதுங்க! சொந்தத் தொழிலு! இந்த மலையில இருந்து டவுனுக்குப் போற பொம்பளங்க இன்னைக்கு வயிறார ஒரு வாய் டீத்தண்ணி குடிக்கிறாங்கன்னா அது எம்மகளால. கேட்டுப் பாருங்க, இங்கதானே நிக்கிறாங்க எல்லாரும். எத்தன தோட்டத்துச் சாமான் அது கையில போயி வருது, ஒரு பை காணாமப் போயிருக்கா? இந்தப் பை மட்டும் போயிருமா? அது பேரக் கெடுக்க நான் விட்ருவேனா?"

"அப்ப அந்த லெட்டரு?" என்று யாரோ ஒருத்தி பின்னாலிருந்து கிண்டினாள்.

"வந்தா வரட்டும்," என்றாள் ஜெயலெட்சுமி. "வந்தா எங்க கடையில வச்சிட்டுப் போகச் சொல்லு."

மடுவமே அதிர்ந்தது. கண்டாக்கு யோகேஸ்வரன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரஜிதாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, கையில் செருப்பு இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. இவ்வளவையும் எங்கேதான் அடைத்து வைத்திருந்தாள் இந்த மனுஷி? சந்தோஷத்தில் அவளுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நன்றாகச் சண்டை பிடிக்கவும் தோன்றியது.

சிரிப்புச் சத்தத்தில் திரும்பிய ஜெயலெட்சுமி மகளைக் கண்டாள். சொன்னதையெல்லாம் மகள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தை உடனே கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"எங்க புள்ள போயிருந்த, கடைய விட்டுட்டு? சனிக்கெழமையும் அதுவுமா!"

"இதோ போயிருவேம்மா."

விஜிதரன் சட்டைப்பையைத் தடவினார். அங்கே ராமநாதன் முதலாளியின் பதில் நிரம்பி வழிந்த ஒரு தாள்தான் இருந்தது. "அம்மா சொன்னதை அப்பிடியே, ஒரு சொல்லும் விடாம எழுதவேணும்," என்றார். "ஆனா தாளெல்லாம் அந்தப் பைக்குள்ளதான் கிடக்கு."

ஜெயலெட்சுமி அவரைப் பார்க்கவில்லை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வேலை விஷயம் விசாரிக்கிற குரலில் மகளைக் கேட்டாள்.

"இவருதானா? குடுத்துறலாமா?"

"இவருதாம்மா. குடுங்க."